தொண்ணூறு ஞாயிறும் ஒரு துவக்கும்

"யார் எடுத்தாங்கன்னு நீங்க கண்டுபிடிக்க வேணாம் மேடம். எங்க இருக்குன்னு மட்டும் சொல்லிட்டாப் போதும்."

இதைச் சொன்னபோது விஜிதரன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. பனிமூட்டமும், மூடிக்கிடக்கும் தேயிலை ஃபெக்டரியும், அதன் தகரக் கூரையிலிருந்து சொட்டும் தண்ணீரும்தான்.

ஜீவராணி ஹட்டன் பக்கத்துத் தபால் கந்தோர்களில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தொலைந்த பார்சல்களைத் தேடித் தேடியே துப்பறியும் தொழிலுக்கு வந்துவிட்டவள். பொருளைப் பறிகொடுத்தவர்கள் அவளிடம் அழுதிருக்கிறார்கள், கத்தியிருக்கிறார்கள், மண்ணை வாரித் தூற்றியிருக்கிறார்கள். திருடனின் பெயர் வேண்டாம் என்று சொன்னவர் இவர்தான் முதல் ஆள்.

"இது நல்லாருக்கே," என்றான் றிஷாத். "எங்க கடைக்கு ஒருத்தர் இப்படித்தான் வந்து, 'விலையச் சொல்ல வேணாம், சாமானக் காட்டு'ன்னு நின்னாரு. கடைசியில பார்த்தா அவர் கையில சல்லியே இல்ல."

றிஷாத் ஜீவராணியின் உதவியாள். நாற்பத்திரண்டு வயது, சொந்தமாக ஒரு முச்சக்கர வண்டி. ஹட்டன் பஸாரில் மூன்று தலைமுறையாக இரும்புச் சாமான் கடை நடத்தும் குடும்பம். பாகம் பிரித்தபோது தம்பிமார் கடையை எடுத்துக்கொண்டார்கள். இவன் வாயை எடுத்துக்கொண்டு வந்துவிட்டான்.

"றிஷாத், டீயக் குடி," என்றாள் ஜீவராணி.

அவன் ஒரு வாய் குடித்தான். முகம் ஒரு மாதிரியாகப் போனது. மேசையில் கடைப் பக்கெட் தேயிலை ஒன்று, வாய் கிழிந்து நின்றிருந்தது.

விஜிதரன் இந்த ஊசிமலைத் தோட்டத்தின் கடைசி டீமேக்கர், கொழுந்தைத் தூளாக்கும் பொறுப்பு அவருடையது. நான்கு வருஷத்துக்கு முன் ஃபெக்டரியை மூடிவிட்டு, கொழுந்தை லொறியில் வேறு தோட்டத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். இயந்திரங்களுக்குக் காவலாக அவரை மட்டும் அதே குவாட்டர்ஸில் விட்டுவைத்தார்கள். மனைவி அதற்கும் முந்திய வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் கனடாவில். அப்பாவுக்குத் துணையாக இருக்க மகன் வரவில்லை. ஒரு பெட்டியை அனுப்பிவைத்தான்.

பெட்டிக்குள் ஒரு துவக்கு, அதாவது துப்பாக்கி, துண்டு துண்டாக. இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய மோஸ்தரில் வீட்டிலேயே செய்து பொருத்திக்கொள்ள வேண்டியது. பாதி செதுக்கிய மரம், உள்ளே வரி ஓடாத வழவழப்பான நீளக் குழாய், பித்தளைச் சாமான்கள், திருகாணிகள், ஒரு விளக்கப் புத்தகம். தோட்டா போடும் சாதி இல்லை. வாய்வழியாக வெடிமருந்தை இடித்து, தீக்கல்லை எஃகில் மோதவிட்டு, பொறி பறந்தால் வெடிக்கிற சாதி. அந்தக் கல்லைப் பல்லில் கவ்விக்கொண்டு நிற்கும் இரும்பு விசையைக் குதிரை என்பார்கள்.

காணாமல்போனது அந்தக் குதிரைதான்.

"புல்லு மேயப் போயிருக்கும்," என்று றிஷாத் முணுமுணுத்தான்.

விஜிதரன் சிரிக்கவில்லை. அலுமாரியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து ஜீவராணியிடம் நீட்டினார். அரசாங்கக் கச்சேரியிலிருந்து வந்த சிங்களக் கடிதம். அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். சுவரில் மாட்டும் காட்சிப் பொருளாக மட்டும் இந்தத் துவக்குக்கு அனுமதி. மருந்து பற்றுவதற்கான துளையைக் குழாயில் போடக்கூடாது. வருஷம் ஒருமுறை எல்லாப் பாகங்களையும் பொலிஸுக்குக் காட்ட வேண்டும். வேலை முடிந்திருந்தால் முத்திரை வைத்துச் சுவரில் மாட்டிவிட வேண்டும். அதற்குப் பிறகு யாரும் கழற்றக்கூடாது. முடியவில்லையென்றால் இன்னொரு வருஷத் தவணை. ஒரு பாகம் குறைந்தாலும் விசாரணை.

"நாளைக்குப் பத்து மணிக்கு வர்றாங்க," என்றார் விஜிதரன்.

"குழாயிலதான் துளையே இல்லையே ஐயா. சுடவே முடியாத துவக்குக்கு இவ்வளவு பயமா?" என்றான் றிஷாத்.

"துளை இல்லாததால அது பொம்மை. ஆனா குதிரை பொம்மை இல்ல. அதக் கழட்டிட்டுப் போய் எந்தக் குழாய்லயும் பூட்டலாம்."

அவர் சொல்லாமல் விட்டதை ஜீவராணி அறிந்திருந்தாள். போன வாரம் பக்கத்துத் தோட்டத்தில், காட்டுப்பன்றிக்கு யாரோ கட்டிவைத்த துவக்கு வெடித்து, கொழுந்தெடுக்கப் போன ஒரு பெண்ணின் காலைச் சிதைத்துவிட்டது. அன்றிலிருந்து மரவேலையும் இரும்புவேலையும் தெரிந்த கைகளைப் பொலிஸ் தேடிக்கொண்டிருக்கிறது.

"குதிரை இல்லைன்னா நாளைக்கு உங்களைத்தான் பிடிப்பாங்க," என்றாள்.

"என்னைய ரெண்டு கேள்வி கேட்டுட்டு விட்டுருவாங்க." அவர் குரல் இறங்கியது. "சோலைமலையத்தான் ஜீப்புல ஏத்துவாங்க."

சோலைமலை, ஃபெக்டரியில் தச்சு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கீழே தொழிலாளர் லயத்தில் இருக்கிறார். துவக்கின் மரவேலை முழுக்க அவர் கை. ஞாயிறு தவறாமல் காலையில் படியேறி வருவார், சாயந்தரம் இறங்கிப் போவார். பொருளும் போய், ஆளும் போய்விடுவார் என்பதுதான் விஜிதரனின் பயம். அதில் எந்த நஷ்டம் பெரிது என்பது அவர் குரலிலேயே தெரிந்தது.

"குதிரை இருந்த பெட்டியக் காட்டுங்க," என்றாள் ஜீவராணி.

ஒரு முழம் நீளத்தில் சின்ன இரும்புப் பெட்டி. அதன் திறப்புச் சாவி சுவர் நாட்காட்டிக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அந்த இடம் விஜிதரனுக்கும் சோலைமலைக்கும் மட்டும்தான் தெரியுமாம். பூட்டைத் திருகியபோது அது கிரீச்சிட்டு ஊரைக் கூட்டியது.

"மேடம் வீட்டு வாசக்கதவுக்குத் தம்பி போல," என்றான் றிஷாத்.

பெட்டிக்குள் ஒரு ஃபிளனல் துணி. துணிக்குள் ஒரு கல். ஆற்றங்கரையில் கிடக்கிற சாதாரணக் கல். குதிரையை எடுத்தவர் அதை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

றிஷாத் கல்லைக் கையில் வாங்கினான். ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே. "தொளாயிரம் கிராம். கூடக்குறைய இருபது."

"தராசு இல்லாமலா?" என்றார் விஜிதரன்.

"எங்க கடைத் தராசு வாடிக்கையாளர் பார்க்கிறதுக்கு ஐயா. வாப்பா நிறுத்ததெல்லாம் கையாலதான். உங்க குதிரை எவ்வளவு பாரம்?"

"அரைக் கிலோ வரும்."

"கடைசியா எப்பக் குதிரையப் பார்த்தீங்க?" என்று ஜீவராணி கேட்டாள்.

"ஞாயிறு சாயந்தரம். நானும் சோலைமலையும் சேர்ந்துதான் பூட்டி வச்சோம். பிறகு இன்னைக்குக் காலையில, கடிதத்தில உள்ள லிஸ்ட்டோட சரிபார்க்கத் திறந்தேன். நடுவுல திறக்கிறதில்ல. தினமும் எழும்பினதும் பெட்டிய ஒருக்காத் தூக்கிப் பார்ப்பேன். அவ்வளவுதான்."

"தூக்கி மட்டுமா?"

"உள்ள இருக்குன்னு தெரிஞ்சா போதும்தானே."

ஜீவராணி பெட்டியை மூடினாள். மேசையில் கிடந்த துவக்கின் மரத்தை எடுத்தாள். கைக்கு இதமான மரம். வழுக்குகிற மாதிரித் தேய்த்திருந்தார்கள். பக்கவாட்டில், குதிரை உட்கார வேண்டிய குழி. குழியின் ஓரங்களில் கடுதாசி கனத்தில் மரச் சிம்புகளை ஒட்டி ஒட்டிச் சீவியிருந்தது. ஒன்றல்ல, இரண்டல்ல, அடுக்கடுக்காக. அவள் குழிக்குள் மூக்கை வைத்தாள்.

"தேயிலைச் சாயம்," என்றாள்.

"ஆமா, மரத்துக்கு நிறம் வரட்டும்னு டீ பூசுறது," என்றார் விஜிதரன் சட்டென்று.

"வெளியில பூசினா நிறத்துக்கு. குழிக்குள்ளயுமா?"

"மாப்பிள்ளைச் சட்டைக்கு உள் பொக்கட்டுக்கும் சரிகை வைக்கிறது போல," என்றான் றிஷாத். அவன் விளக்கப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். "மேடம், இந்த வேலைக்கு நாப்பது மணித்தியாலம் போதும்னு போட்டிருக்கு. ஐயா, எப்ப ஆரம்பிச்சீங்க?"

"போன வருஷம். தைப்பொங்கல் கழிச்சு."

றிஷாத் விரல் விட்டு எண்ணினான். "தொண்ணூறு ஞாயிறு! ஒரு துவக்குக்கா? இந்த நேரத்தில ஒரு பட்டாளத்துக்கே செஞ்சு குடுத்திருக்கலாமே."

"இங்க ஈரம் அப்படி. மரம் ஒரு வாரம் ஊதும், ஒரு வாரம் சுருங்கும்," என்று விஜிதரன் மறுபடியும் ஜன்னலுக்குப் போய்விட்டார்.

வெளியே வந்ததும் றிஷாத் வாயைத் துடைத்துக்கொண்டான். "முப்பது வருஷம் தேயிலை போட்ட மனுசன் மேடம். வீட்டுக்கு வந்தவங்களுக்குப் பக்கெட் தூள் ஊத்துறாரு. எங்க ஊர்ல தங்க நகைக் கடைக்காரன் பொண்டாட்டி கவரிங் போட்ட மாதிரி."

"அது கிடக்கட்டும். லயத்துக்குப் போவோம்."

"சோலைமலைதான்னு சொல்றீங்களா?"

"ரெண்டு பேருக்குத்தான் திறப்பு தெரியும்னு அவரே சொன்னாரு. பேர் சொல்ல வேணாம்னும் அவரே சொன்னாரு. அவர் மனசில யாரு இருக்காங்கன்னு எனக்குத் தெரியுது. அது சரியான்னுதான் தெரியல."

நூற்றிருபது படிகள். இருபக்கமும் கவ்வாத்து வெட்டாமல் விட்ட தேயிலை, ஆள் உயரத்துக்கு மரமாகி நின்றது. ஃபெக்டரி ஓடிய காலத்தில் இந்தப் படிகளில் இடித்துக்கொள்ளாமல் நடக்க முடியாதாம். இன்று கீழே போய்ச் சேரும்வரை ஒரு நாய்கூட எதிர்ப்படவில்லை.

லயத்தின் கடைசிக் காம்பிரா அறையில் சோலைமலை தனியாக உட்கார்ந்து உளி தீட்டிக்கொண்டிருந்தார். அறுபத்தாறு வயது. கை மட்டும் நாற்பது. மனைவி இல்லை, மகள் கினிகத்தேனையில் கட்டிக்கொடுத்த இடத்தில். சுவர் ஆணியில் ஒரு வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டுத் தொங்கியது.

"எங்கயாவது விசேஷமா?" என்று அதைக் காட்டிக் கேட்டான் றிஷாத்.

"இல்லீங்க. ஞாயித்துக்கெழமைக்கு."

"இன்னைக்குப் புதன்கிழமை."

"ஆமாங்க," என்றார் சோலைமலை, அதில் என்ன புதினம் என்கிற மாதிரி.

குதிரை காணாமல்போனதைச் சொன்னபோது அவர் உளி தீட்டுவதை நிறுத்தவில்லை. தனக்கு ஒன்றும் தெரியாது என்றார். ஐயாவே எங்காவது மறந்து வைத்திருப்பார் என்றார். பொய் சொல்லிப் பழகாத ஆள். பேரம் பேசத் தெரியாதவன் சந்தைக்கு வந்த மாதிரி முதல் விலையிலேயே நின்றுகொண்டிருந்தார்.

ஜீவராணி கைப்பையிலிருந்து கச்சேரிக் கடிதத்தை எடுத்தாள். வரிக்கு வரி தமிழில் வாசித்துக் காட்டினாள்.

உளி நின்றது.

"நாளைக்கா? நாளைக்குப் பொலிசு வருதா? அய்யா எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

"சொல்லியிருந்தா?"

சோலைமலை கைகளைச் சாரத்தில் துடைத்துக்கொண்டார். வெகுநேரம் துடைத்தார்.

"எடுத்தேம்மா. ஞாயித்துக்கெழம நாந்தான் எடுத்தேன். ஆனா மறுநாளே திருப்பி வச்சிட்டேன்."

றிஷாத் வாயைத் திறந்தான். ஜீவராணி ஒரு விரலைத் தூக்கினாள். அவன் வாயை மூடினான்.

"தொண்ணூறு வாரமா அந்தக் குதிர குழியில சரியா ஒக்காரல. போன ஞாயிறு வச்சு அமுக்குறேன், 'டக்'குன்னு போயி ஒக்காந்துருச்சு. ஒரு மசிரு எடவெளி இல்ல. அய்யா என்னையப் பாக்குறாங்க, நான் அய்யாவப் பாக்குறேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசல. கழட்டிப் பொட்டியில வச்சோம். அய்யா கைகழுவப் போனப்ப, எடுத்துப் பைக்குள்ள போட்டுக்கிட்டேன்."

"ஏன்?"

"முடிஞ்சிருச்சேம்மா." இதற்கு மேல் என்ன விளக்கம் வேண்டும் என்பது போல் அவர் பார்த்தார். பிறகு தானே சொன்னார். "அவங்க டீமேக்கரு. நான் தொழிலாளி. வேலயில்லாம ஸ்டாஃப் குவாட்டர்ஸ் வாசல்ல போயி நாங்க நிக்கிறதில்ல. கூப்பிட்டா போவோம், வேல முடிஞ்சா வந்துருவோம். அதான் இங்கத்தைய வழக்கம். இனிமே என்ன வேலன்னு சொல்லிக்கிட்டு அந்தப் படியேறுறது?"

அடுத்த காம்பிராவில் யாரோ வானொலியைப் போட்டு, உடனே நிறுத்தினார்கள்.

"அப்புறம் ஏன் திருப்பி வச்சீங்க?"

"திங்கக்கெழம காலையில வேலைக்குப் பேரு குடுக்குற பெரட்டுக் களத்துல கட்டுத்துவக்குப் பேச்சுத்தான். பொலிசு வீடு வீடாப் பாக்குறாங்கன்னாங்க. என் பைக்குள்ள துவக்குக் குதிர! அய்யா காய்ச்சலுக்கு மருந்தெடுக்க அக்கரப்பத்தனைக்குப் போன நேரம் பாத்து ஏறிப்போயி, அதே துணியில சுத்தி, அதே பொட்டியில வச்சு, என் சாணக்கல்ல எடுத்துக்கிட்டு வந்துட்டேன்."

"சாணைக்கல்லா?"

"குதிரைக்குப் பதிலா அதத்தான் வச்சிருந்தேன். அய்யா தெனமும் பொட்டியத் தூக்கிப் பாப்பாங்க. பாரம் மாறுனா கண்டுபுடிச்சிருவாங்கல்ல?"

உளி தீட்டிக்கொண்டிருந்த கல்லைத் துடைத்து நீட்டினார். றிஷாத் வாங்கி, ஒருமுறை மேலே, ஒருமுறை கீழே.

"ஐந்நூத்து இருபது," என்றான். இந்த முறை அவன் பகிடி எதுவும் சேர்க்கவில்லை. ஜீவராணியைப் பார்த்தான். "மேடம், அங்க இருந்த கல்லு தொளாயிரம்."

"ஆமா," என்றாள் அவள் மெல்ல.

சோலைமலை அடுப்பில் தண்ணீர் வைத்திருந்தார். கண்ணாடிக் குவளைகளில் பிளேன்டீ வந்தது. "அய்யா வீட்டு டீயக் குடிச்சிட்டு வந்தவுங்களுக்கு இது வாயில வைக்க வெளங்காது," என்றார் கூச்சத்தோடு. "அங்க ஒரு பெரிய டின்னு இருக்கில்ல, அலுமாரி மேல? ஃபெக்டரி மூடுன அன்னைக்கு அய்யா கையால கடைசியாப் போட்ட தூளு. ரெண்டு கரண்டி போட்டா இந்த லயம் முழுக்க மணக்கும். கடைத் தூள அய்யா வாசப்படி ஏத்த மாட்டாங்க."

ஜீவராணி குவளையை வாய்க்குக் கொண்டுபோனவள் அப்படியே நிறுத்தினாள். றிஷாத்தும் நிறுத்தினான்.

"குடிச்சிட்டு உங்க உளிப் பையை எடுத்துக்கிட்டு மேல வாங்க," என்றாள் ஜீவராணி.

"இன்னைக்கா? இன்னைக்கு ஞாயிறு இல்லையேம்மா."

"தெரியும். வாங்க."

அவர்கள் முன்னால் ஏறினார்கள். விஜிதரன் வாசலிலேயே நின்றிருந்தார். எங்கே இருக்கிறது என்று அவர் கேட்கவில்லை. "சோலைமலை என்ன சொன்னாரு?" என்றுதான் கேட்டார்.

"முதல்ல ஒரு டீ குடுங்க ஐயா. ஏறி வந்த களைப்பு." ஜீவராணி நாற்காலியில் உட்கார்ந்தாள். "இந்தப் பக்கெட்ல வேணாம். அலுமாரி மேல இருக்கிற டின்லருந்து."

விஜிதரன் பக்கெட்டின் கிழிந்த வாயை மடித்தார்.

"குதிரைய எடுத்துட்டுக் கல்லை வைக்கிற ஆளு எதுக்குக் கல்லு வைக்கிறான்?" என்றாள் அவள். "தினமும் தூக்கிப் பார்க்கிற உங்கள ஏமாத்த. அப்படின்னா பாரம் சரியா இருக்கணும். இந்தக் கல்லு கிட்டத்தட்ட ரெட்டைப் பாரம். நேத்துக் காலையிலயோ இன்னைக்குக் காலையிலயோ தூக்கின உடனே உங்க கைக்குத் தெரிஞ்சிருக்கும். அப்ப இது உங்க கையை ஏமாத்த வச்ச கல்லு இல்ல. என் கண்ணை ஏமாத்த வச்சது. உங்க கைக்குப் பயப்படாம இந்தப் பெட்டியில கல்லு வைக்கக்கூடிய ஆளு ஒருத்தர்தான்."

றிஷாத் நாற்காலியில் ஏறி டின்னை இறக்கினான். மேசையில் பத்திரிகைத் தாளை விரித்து, டின்னைச் சரித்தான். கறுத்த, முறுகிய தேயிலை சரசரவென்று கொட்டியது. வாசனை அறையை நிறைத்தது. கடைசியாக, டங் என்று, பல்லில் தீக்கல்லைக் கவ்விக்கொண்டு ஒரு குதிரை வந்து விழுந்தது. ஒரு பொட்டுத் துரு இல்லை.

"இந்த வீட்டுலயே ஈரம் ஏறாத இடம் இதுதான்," என்றார் விஜிதரன். டீமேக்கர் புத்தி, அந்த நேரத்திலும்.

"திங்கக்கிழமை மருந்தெடுத்துட்டு வந்து திறந்தேன். மறுபடி வச்சுப் பார்த்தேன். 'டக்'குன்னு உட்கார்ந்துச்சு. நாளைக்கு அவங்க வந்தா முத்திரை வச்சுச் சுவர்ல மாட்டிருவாங்க. அதோட ஞாயித்துக்கிழமை முடிஞ்சுது. அவர வேலை இல்லாமக் கூப்பிட முடியாது. நான் போய் லயத்துல உட்கார்ந்தா ரெண்டு பக்கமும் பேசுவாங்க. ஒளிச்சு வச்சிட்டேன். பிறகுதான் புத்தி வந்துச்சு, குதிரை இல்லைன்னா அவரையில்ல பிடிப்பாங்கன்னு. எடுத்துத் திருப்பி வைக்கலாம்னா, வச்சா முடிஞ்சிரும். வைக்கலைன்னா அவர் போயிருவாரு. என்ன செய்யிறதுன்னு தெரியாமத்தான் உங்களக் கூப்பிட்டேன்."

"எங்கன்னு மட்டும் சொல்லச் சொல்லி," என்றான் றிஷாத்.

"எங்கன்னு எனக்குத் தெரியும் தம்பி." அவர் மேசையில் இருந்த மூன்று கோப்பைகளைப் பார்த்தார். "காலையிலருந்து ரெண்டு தரம் டீ ஊத்திட்டேன். இந்த வீட்டுல வாரத்து நாள்ல மூணு கோப்பை ஒரே நேரத்தில நனைஞ்சு எத்தனை வருஷமாச்சு தெரியுமா?"

றிஷாத் தன் கோப்பையில் மிச்சம் வைத்திருந்த பக்கெட் டீயை, ஆறியதையும் பாராமல், ஒரே மடக்கில் குடித்து முடித்தான்.

"குழிக்குள்ள டீ ஊத்தினது?" என்று ஜீவராணி கேட்டாள்.

"வெள்ளிக்கிழமைகள்ல. சுடச்சுடக் கொஞ்சமா. மரம் ஊதும், ஞாயிறு குதிரை உட்காராது, அவர் சீவுவாரு. அடுத்த வாரம் காய்ஞ்சா லூசாப் போகும், ஒட்டுப் போடுவாரு. கொழுந்து வாட்டினவனுக்கு ஈரக் கணக்குத் தெரியாதா? போன வெள்ளி காய்ச்சல்ல படுத்திட்டேன். ஊத்தல. அதான் உட்கார்ந்துச்சு."

"அது எனக்குத் தெரியுங்கய்யா."

வாசலில் சோலைமலை. ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் புதன்கிழமையில் போட்டிருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலைத் தாண்டாமல் நின்றார்.

"தேயில வாசன அடிக்குமில்லங்களா? மொத மாசமே கண்டுக்கிட்டேன். அய்யாவுக்கு அவசரம் இல்லபோலன்னு நானும் சும்மா இருந்துட்டேன்." தலையைச் சொறிந்தார். "நான் மட்டும் என்ன. சீவுறப்ப எல்லாம் ஒரு இழை கூடத்தான் சீவுனேன்."

விஜிதரன் அவரைப் பார்த்தார். இரண்டு பேரும் தொண்ணூறு வாரம் ஒரே கடையில் எதிரெதிர் வாசலால் சரக்கைக் கடத்தியிருக்கிறார்கள். யாருக்கும் லாபமில்லை என்று சொல்ல முடியாது.

"உள்ள வாங்க சோலைமலை," என்றார்.

"என்ன வேலைங்கய்யா?"

விஜிதரன் தாளில் கொட்டியிருந்த தூளை விரலால் கூட்டினார். வேலை இல்லாமல் கூப்பிட்டு முப்பது வருஷத்தில் அவருக்குப் பழக்கமில்லை.

"வேலை இருக்கு," என்றாள் ஜீவராணி. டின்னில் மிச்சமிருந்த தூளை இரண்டு கரண்டி கேத்தலில் போட்டு, கொதிநீர் ஊற்றி, நான்கு கோப்பைகளில் வடித்தாள். சோலைமலை சொன்னது பொய்யில்லை. லயம் வரைக்கும் மணத்திருக்கும். அவள் ஒரு வாய் குடித்தாள், கண்ணை மூடிக்கொண்டு ரசித்தாள். பிறகு துவக்கின் மரத்தைச் சரித்து, கோப்பையில் மீதியை அந்தக் குழிக்குள் நிதானமாக ஊற்றினாள்.

"அடடா! நல்ல தேயிலைக்கு நீங்க குடுக்கிற மரியாதை இதுதானா மேடம்?" என்றான் றிஷாத்.

"காலையில பத்து மணிக்குள்ள ஊதிருமா ஐயா?"

விஜிதரன் குனிந்து மரத்தைத் தொட்டுப் பார்த்தார். "நல்லா ஊதும்," என்றார்.

மறுநாள் பத்தேகால் மணிக்கு வந்த சப் இன்ஸ்பெக்டர் லிஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணினார். குழாய், துளையில்லாமல். திருகாணிகள், பித்தளை, குதிரை. எல்லாம் சரி. குதிரையைக் குழியில் வைத்து அமுக்கினார். உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றிவைத்துவிட்டு மறுபடி அமுக்கினார். அதுவும் சரிவரவில்லை. சோலைமலையை ஏற இறங்கப் பார்த்தார். இந்த வேகத்தில் துவக்குச் செய்கிறவன் யாருக்கும் கட்டுத்துவக்குச் செய்து கொடுத்திருக்க முடியாது என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும்.

"தவ அவுருத்தக்?" என்றார் சிங்களத்தில். இன்னும் ஒரு வருஷமா?

"எஹெமய் மஹத்தயா," என்று ஆமாம் போட்டாள் ஜீவராணி, மற்றவர்கள் வாய் திறப்பதற்கு முன்.

"ஹரி, ஹரி." சரியென்று கையெழுத்துப் போட்டார்.

ஜீப் இறங்கிப் போனதும் சோலைமலை உளிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "அப்ப ஞாயித்துக்கெழம வாரேங்கய்யா. நெறைய சீவ வேண்டியிருக்கும்."

"காலையிலயே வந்திருங்க," என்றார் விஜிதரன்.

அவ்வளவுதான் பேசினார்கள். சோலைமலை இறங்கிப் போவதைப் படியின் வளைவு வரை அவர் நின்று பார்த்தார். பிறகு வளைவையும் பார்த்தார். இன்னும் மூன்று நாள் இருந்தது.

முச்சக்கர வண்டி பனிமூட்டத்துக்குள் வளைந்து வளைந்து இறங்கியது. றிஷாத் பாதி வழி வரை வாய் ஓயவில்லை. திடீரென்று கேட்டான்:

"மேடம், ரெண்டு வருஷமா உங்க வாசக்கதவுக் கீல் கத்துது. கடையிலருந்து எண்ணெய் கொண்டாரேன்னா வேணாம்னு சொல்றீங்க. ஏன்?"

"கத்தினாத்தான் யாரோ வந்திருக்காங்கன்னு தெரியும்."

"அப்படி யாரு வர்றாங்க?"

ஜீவராணி வண்டியின் பக்கத்துப் படங்குத் திரையை இழுத்துவிட்டாள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது.

"நான்தான்," என்றாள்.

அங்கிருந்து ஹட்டன் வரும்வரை றிஷாத் ஒரு பகிடியும் சொல்லவில்லை. அவள் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினான். அவள் இறங்கி, குடையை விரித்து, கைப்பையில் திறப்பைத் தேடும்வரை முன்கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஞாயித்துக்கிழமை எண்ணெயோட வாரேன் மேடம்," என்றான், திரும்பிப் பார்க்காமல். "மூணு கீல் இருக்கு. ஒரு நாள்ல முடியிற வேலை இல்ல அது."